அக்கா யோசப்பினின் தலையாட்டல்

ஆஸ்பத்திரி அறையில் நாலு பேர் இருந்தோம். சுவரோரக் கதிரையில் என் அக்கா யோசப்பின், இடது காதுக்குப் பின்னால் கேட்கும் கருவியோடு. அந்தக் கருவிக்கு அளவு வைக்கிற பிரசாந்தி மிஸ். பல்கலைக்கழகத்திலிருந்து மடிகணினியோடு வந்த ஜெயசுதன். பிறகு நான், குருநகர் ஐஸ் பக்டறியில் இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் வந்த தம்பிக்காரன் சுபாஸ்.

ஜெயசுதன் திரையைத் திருப்பிக் காட்டினான். பச்சைக் கோடுகள். அதுதான் அக்காவின் செவி நரம்பாம். காதுக்குள் வைத்த மின்வாய்கள் ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்னோட்டம் விட்டால் எத்தனை நரம்பு நார்கள் துடிக்கும் என்று அவன் கணினியில் செய்த நரம்பின் மாதிரியுரு சொல்லுமாம். போன மாதம் அது சொன்னபடிதான் அக்காவின் கருவியின் அளவை மாற்றி வைத்தார்கள். அதற்குப் பிறகு குசினியில் சட்டிமூடி விழுந்தாலும் அவளுடைய இடது கண் இழுத்து மூடும். கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத் தையல் மெசினில் குனிந்திருப்பாள். மூளைக்காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோய் ஆறு வருடம். திரும்பக் கிடைத்த சத்தத்தை அவளே கழற்றி மேசையில் வைக்கிறாள்.

"அண்ணை, அவவுக்குக் கண் இழுக்குது," என்றேன்.

"அளவு கூடேல்லை. நரம்பு வடிவா வேலை செய்யுது, பாரும்."

"அப்ப கண்?"

"கண்ணை இழுக்கிற முகநரம்பு இந்த மாதிரியுருவுக்குள்ளை இல்லை. பிறகு சேர்ப்பம்."

"அப்ப கண்ணையும் பிறகு கொண்டு வரட்டோ?"

பிரசாந்தி மிஸ் குனிந்து சிரிப்பை மறைத்தாள். ஜெயசுதனின் முகம் கறுத்தது.

"நீர் ரெண்டாம் வருசத்திலை கம்பஸை விட்டனீர்தானே? விளங்காட்டிக் கேளும். இது அவவே ஒத்துக்கொண்ட அளவுகளை வைச்சுச் செய்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் சுகமா இருக்கோ எண்டு கேட்டுத்தான் பதிஞ்சனாங்கள்."

"அவ என்ன சொன்னவ?"

"தலையாட்டினவ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருடமாக அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள். மீன்காரி விலை சொன்னாலும், சுவாமியார் சுகம் விசாரித்தாலும், சட்டை தைக்கக் கொடுத்தவள் கழுத்து இறக்கம் சொன்னாலும். கேட்கவில்லை என்று சொன்னால் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். தலையாட்டினால் சிரித்துவிட்டுப் போவார்கள். வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் அவள் வேறென்ன செய்வாள்? அந்தத் தலையாட்டல்களை இலக்கமாக்கி, இலக்கங்களைக் கொண்டு ஒரு நரம்பு செய்து, அவள் நோகிறது என்றால் நரம்பு பொய் சொல்லாது என்கிறார்கள்.

மேசையில் ஓங்கி அடித்தேன். "உவன்ரை கொம்பியூட்டருக்குத்தான் காது கேக்குது! பழைய அளவை வையுங்கோ மிஸ். அவவுக்கு அது போதும், காணும்."

அடித்த சத்தத்தில் அக்காவின் கண் இழுத்து மூடியது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"காணுமெண்டு சொல்ல நீ ஆரடா?" என்றாள். "பழைய அளவிலை எனக்கு ஒரு சொல்லும் விளங்கிறேல்லை. உனக்கது தெரியுமோ? அவர் தன்ரை கணக்கெண்டுறார், நீ பழசெண்டுறாய். என்னட்டை ஆர் கேட்டது? கத்திறதெண்டால் ஐஸ் பக்டறியிலை போய்க் கத்து."

பிரசாந்தி மிஸ் மடிகணினியை மூடி ஜெயசுதனின் கையில் கொடுத்தாள். "ரெண்டு பேரும் வெளியிலை நில்லுங்கோ. முதலிலையிருந்து துவங்கப் போறன்."

"மாதிரியுரு இல்லாமல் எப்படி மிஸ்..." என்றபடி அவன் முன்னால் போனான். நான் வாசலைத் தாண்டும்போது அக்கா எழும்பி வந்தாள். ஏதோ சமாதானம் சொல்ல வருகிறாள் என்று நினைத்து நின்றேன். அவள் என் முதுகில் கைவைத்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். பிறகு உள்ளே பூட்டில் திறப்பு திரும்புகிற சத்தம் கேட்டது.