ராணி வெட்டிய சிப்பாய்

உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில், கம்பியில் தொங்கும் மேடையில் நின்று பெயின்ட் அடிக்கிறவன் அவன். பல்லி என்று பட்டப்பெயர். வைத்தது அவன் மனைவியின் தம்பி. ஒரே மேடையில் ஆளுக்கொரு முனை. ஒரு தடவை கம்பி வழுக்கி மேடை ஒரு மாடி கீழே போய் நின்றது. அன்றிலிருந்து பல்லி சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் உருளையை ஓட்டுவான்.

"சுவத்தக் கட்டிப்பிடிச்சது போதும் மாமா. அக்காவுக்குத் தெரிஞ்சா வெளக்குமாறு பறக்கும்" என்பான் மைத்துனன்.

கீழே பார்க்காமலிருக்க பல்லிக்கு வழி செஸ்தான். ஒரு கிராண்ட்மாஸ்டர் பையனாக இருந்தபோது ஆடிய ஆட்டங்கள் புத்தகமாகக் கிடைத்திருந்தன. அந்த ஆள் வளர்ந்த பிறகு ஆடியவை இவன் மண்டையில் ஏறவில்லை. சின்ன வயது ஆட்டங்கள் ஏறின. பையன் பயந்தான், அவசரப்பட்டான், மாட்டிக்கொண்டான். வீட்டில் படித்ததை மேடையில் வாய்விட்டுச் சொல்வான். குதிரை வெளியே, சிப்பாய் ரெண்டு கட்டம். வாய் ஓடினால் கால் நடுங்காது.

கான்ட்ராக்டர் செஸ் பைத்தியம். கம்பெனிகளின் போட்டிக்கு ஓர் ஆள் வேண்டும், தேர்வாகிறவனுக்கு இனிமேல் கீழே பெயின்ட் கலக்கும் வேலை என்றார். பல்லி பேர் கொடுத்தான். மைத்துனனும் கொடுத்தான். மற்றவர்கள் தோற்று, கடைசியில் இவர்கள் இருவரும்தான் மிஞ்சினார்கள்.

"உனக்கெதுக்குடா மாப்ள? நீதான் மேல விசிலடிக்கிற ஆளாச்சே."

"சும்மாதான் மாமா."

சாப்பாட்டு நேரத்தில், கவிழ்த்த டிரம் மேல் பலகை. பல்லிக்கு வெள்ளை. பழகிய ஆட்டத்தைத் தொடங்கினான். மைத்துனன் யோசிக்காமல் பதில் வைத்தான். அடுத்ததும் அப்படியே. பல்லிக்குப் புரிந்தது. மேடையில் தான் ஒப்பித்ததையெல்லாம் இவன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். எல்லாம் தெரிந்தவனை எப்படி ஜெயிப்பது? தோற்றால் நாளைக்கும் அந்தக் கம்பிதான். குதிரையைச் சட்டையில் துடைத்து வைத்தான்.

மைத்துனன் ராணியைத் தூக்கி, வெள்ளையின் சிப்பாயை வெட்டினான். சிரித்தான்.

பல்லி நகரவில்லை. புத்தகத்தில் அந்த இடத்தின் கீழே பெரிய தப்பு என்று அச்சிட்டிருந்தது. மேடையில் அந்த வெட்டு வரைதான் சொல்லியிருந்தான்; அது தப்பென்றோ, அடுத்து என்ன என்றோ சொன்னதில்லை.

"என்ன மாமா, தூங்கிட்டீங்களா?"

பல்லி குதிரையை ஓரத்துக்குக் கொண்டுபோனான். ராணிக்கு வெளியே வர வழியில்லை. மைத்துனன் பலகையைப் பார்த்தான், இவன் முகத்தைப் பார்த்தான்.

"அந்தப் பெரிய ஆளுதானே இத ஆடினான்?"

"பதினோரு வயசுலடா. தோத்துட்டான்."

அதன் பிறகு ஆட்டம் சீக்கிரம் முடிந்தது. "நாளையிலேர்ந்து நீ கீழ" என்று பல்லியின் தோளைத் தட்டிவிட்டு கான்ட்ராக்டர் போனார். பல்லிக்கு மூச்சு வந்தது.

மைத்துனன் இடுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருந்தான். கொக்கி வளையத்தில் விழவில்லை. மூன்றாவது தடவையும் விழவில்லை.

"டேய், உனக்கும் பயமாடா?"

"கம்பி வழுக்கினப்ப நானும் அதுலதானே மாமா நின்னேன்."

பல்லி குனிந்து கொக்கியை மாட்டினான். ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். மறுபடி இழுத்தான்.

"போதும் விடுங்க" என்றான் மைத்துனன். "நீங்க கீழ, நான் மேலன்னு அக்காகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா அழுதுடுவேன்."