மொண்டு கொடுத்த தண்ணீர்

ராஜாங்கத்துக்கு ஆர்மோனியம் என்று பெயர் வைத்தது நான்தான்.

மக்காச்சோளம் அடிக்கிற மிஷினில் இரண்டு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் கதிர் கொட்டுவேன், அவன் கீழே மூட்டை பிடிப்பான். கார்த்திகைப் பனி இறங்கிவிட்டால் அவன் நெஞ்சுக்குள் மூன்று சுருதியில் சத்தம் வரும். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், "மச்சான் பக்கத்துல உக்காந்தா கச்சேரிக்கே போவ வேணாண்டா, ஆர்மோனியம் ஃப்ரீ" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரிப்பில் இருமல் வந்தது, அதற்கும் சிரித்தார்கள். மிஷின் முதலாளி முனியன் தன் போனில்கூட அவன் நம்பரை அந்தப் பெயரில்தான் போட்டு வைத்திருந்தார்.

அந்த சீசன் முடிந்ததும் நான் கள்ளக்குறிச்சியில் ஒரு அரிசி ஆலைக்கு ராத்திரி ஷிப்டு போனேன். உமிச் சாம்பலும் நெல் அவிக்கிற ஆவியும். மூன்றாவது மாதம், இரண்டு மணிக்கு மேல் இழுத்த மூச்சு வெளியே வர மறுத்தது. தூக்கம் ஒத்துவரவில்லை என்று சொல்லி நின்றுவிட்டேன். தியாகதுருகம் போகிற ரோட்டில் ஒரு டாக்டர் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஆஸ்துமா என்றார். அதாவது இழுப்பு. அதாவது ஆர்மோனியம்.

இரண்டு சாமான் கொடுத்தார். ஒன்று, உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் மிஷின். அதில் காப்ஸ்யூலைப் போட்டுத் திருகினால் உடையும். வாயில் வைத்து வேகமாக இழுத்தால் உள்ளே இருக்கிற மாவு நெஞ்சுக்குப் போகும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். இன்னொன்று நீல பம்பு. அது திணறும்போது மட்டும். "நல்லா இருக்குதுன்னு நிறுத்திடாதீங்க. நல்லா இருக்கறதே இதாலதான்" என்றார்.

நிறுத்தவில்லை. கொசுவத்தியை விட்டேன். தலையணையை வெயிலில் போட்டேன். துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டேன், கேட்டவர்களிடம் தூசி சேராது என்றேன். பல் விளக்கப் போகிறவன் மாதிரி பைப்படிக்குப் போய் மருந்தை இழுத்தேன். கொப்பளிப்பதும் பல் விளக்குவதோடு சேர்ந்து போனது. ஒரு மாதத்தில் மூச்சு சீரானது. அப்போதுகூட நோய் அடங்கிவிட்டதே என்று தோன்றவில்லை. மறைப்பது சுலபம் என்றுதான் தோன்றியது.

மறுபடி சீசன் வந்தது. முனியன் ஆள் சேர்க்கும்போதே சொன்னார்: "இழுப்பு கிழுப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்கடா. ஒரு ஆர்மோனியத்த வச்சிகினு நான் படற பாடே ஜாஸ்தி." நான் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்பது பாதிக் காரணம். நான் வைத்த பெயர் என் மேலேயே வந்து உட்காரும் என்பது மீதி.

அந்த வருடம் ராஜாங்கத்தின் மனைவி பாப்பாத்தி பிடிவாதம் பிடித்து அவனையும் டாக்டரிடம் கூட்டிப்போனாள். என்னிடம் இருக்கிற அதே பிளாஸ்டிக் மிஷின், அதே காப்ஸ்யூல். முதல் நாள் களத்தில் எல்லோர் முன்னாலும் எடுத்து வாயில் வைத்தான். ஒளிக்கத் தெரியாதவன்.

"டேய், ஆர்மோனியத்துக்கு ஜோடியா நாயனமும் வந்துட்ச்சிடா!" என்றார் முனியன்.

களமே சிரித்தது. நானும் சிரித்தேன். ராஜாங்கம் மிஷினைத் துடைத்துப் பையில் வைத்தான். அதற்குப் பிறகு அதை அவன் கையில் நான் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து கச்சிராயபாளையத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். சட்டைப் பையிலிருந்து காப்ஸ்யூலை எடுத்து வாயில் போட்டான்.

"இன்னாடா அது?" என்றேன், தெரியாதவன் மாதிரி.

"இழுப்பு மாத்திர."

"அந்த மிஷினு?"

"வூட்ல கெடக்குது. அத்த வாயில வச்சிகினு இவனுங்களாண்ட யாரு பேச்சு வாங்கறது? எப்பிடிப் போனா இன்னா மச்சான், உள்ளதான போவுது. தண்ணி மொண்டு குடு."

டிரம் என் பக்கத்தில் இருந்தது. மொண்டு கொடுத்தேன். குடித்தான். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முழுங்காதே, இழு. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். வீட்டில் பாப்பாத்தி பார்த்துச் சொல்லுவாள், அடுத்த மாதம் டாக்டர் கேட்பார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் அவன் டாக்டரிடம் போகவில்லை, மருந்துக்கடையில் சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டான். பாப்பாத்தி கேட்டால், "வேல செய்ற எடத்துலயே போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டான். அது பொய்யும் இல்லை.

மார்கழியில் அவனால் படுத்துத் தூங்க முடியவில்லை.

"மாத்திர பவரு கம்மி போல மச்சான். ரெண்டு ரெண்டா போடறேன், ஒண்ணும் கேக்கல."

"டாக்டராண்ட ஒரு வாட்டி கேளேன்" என்றேன். அந்த இரண்டு மாதத்தில் நான் சொன்னது அது ஒன்றுதான். அன்றும் தண்ணீர் நான்தான் கொடுத்தேன்.

தை பிறந்ததும் மலைக்கு ஏறினோம். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு ஊர். பனியில் நனைந்த கதிர், பாதி பூசணம் பிடித்திருந்தது. மிஷின் ஓட ஆரம்பித்ததும் கறுப்பாகத் தூசி எழுந்தது. நான் நனைத்த துண்டைக் கட்டிக்கொண்டு, மிஷினில் ஏறுவதற்கு முன்பே மறைவில் பம்பு அடித்துவிட்டு வந்திருந்தேன். ராஜாங்கம் வெறும் மூக்கோடு மூட்டை பிடித்தான்.

பதினோரு மணி இருக்கும். மூட்டை வாய் அவன் கையிலிருந்து நழுவி சோளம் தரையில் கொட்டியது. இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்துவிட்டான். தோள் இரண்டும் காதுக்கு ஏறி ஏறி இறங்கின. சத்தம் வரவில்லை. எப்போதும் வருகிற அந்த மூன்று சுருதியும் இல்லை. உதடு நாவல்பழம் தின்றவன் மாதிரி இருந்தது.

முனியன் மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "தைலம் எட்றா! சுடுதண்ணி கேளுடா!" நீல பம்பு என் லுங்கி மடிப்பில் இருந்தது. கை அதன் மேல்தான் இருந்தது. முனியன் டிராக்டர் சீட்டுக்குக் கீழே தைல டப்பாவைத் தேடி எடுத்தார். மூடி திறக்கவில்லை, பல்லால் கடித்துத் திறந்தார். நெஞ்சில் தேய்த்தார், முதுகில் தேய்த்தார். அத்தனை நேரமும் நான் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகுதான் எடுத்தேன். அவன் தாடையைப் பிடித்து வாயில் வைத்து, "இழுடா, இழுத்து அடக்கு" என்று அழுத்தினேன். மறுபடி. மறுபடி. அஞ்சாறு தடவைக்குப் பிறகு நெஞ்சுக்குள் சன்னமாகச் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன் என்று அப்புறம் சொன்னார்கள். எனக்கு ஞாபகமில்லை.

"இது ஏதுடா உன்னாண்ட?" என்றார் முனியன்.

"என்னுதுதான்."

ஊரில் ஒரு ஜீப் கிடைத்தது. மலை இறங்குகிற வழியெல்லாம் பம்பு அடித்துக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரியில் மாஸ்க் போட்டார்கள். காப்ஸ்யூலை எப்படிப் போட்டார் என்று நர்ஸ் கேட்டதற்கு, தண்ணீர் குடித்து முழுங்கினான் என்று நான் சொன்னேன். நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "வயித்துக்குப் போயி இன்னாங்க பண்ணும் அது? ரெண்டு மாசமா பச்சத்தண்ணி குடிச்ச மாதிரிதான். கூட இருக்கறவங்க யாருக்கும் தெரியலையா?"

பாப்பாத்தி என்னைப் பார்த்தாள். "எங்களுக்கு இன்னாம்மா தெரியும்" என்று நர்ஸிடம் சொன்னாள்.

நாலாம் நாள் ராஜாங்கம் பேசினான். மாஸ்க்கைக் கீழே இறக்கி, கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"உனுக்கு எத்தினி மாசமா?"

"எட்டு மாசம்."

"அதே மாத்திரதானா?"

"அதேதான்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "தண்ணி நீதான மொண்டு குடுத்த" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டான்.

என் வேலை போகவில்லை. "முன்னாடியே சொல்லித் தொலஞ்சிருந்தா டிராக்டர்ல உக்கார வச்சிருப்பேனேடா" என்றார் முனியன். இப்போது டிராக்டரில்தான் உட்காருகிறேன். எனக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. முனியன் போனிலும் ராஜாங்கம் என்று மாற்றிவிட்டார். நான் எதற்குப் பயந்தேனோ அதில் ஒன்றும் நடக்கவில்லை.

மாசியில் ஒரு சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். ஆடு வளர்க்கிறான், மிஷின் பக்கம் வருவதில்லை. வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க" என்றான்.

என் பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

அவனுக்கு மருந்து நேரம். பிளாஸ்டிக் மிஷினை எடுத்துக் காப்ஸ்யூலைப் போட்டுத் திருகினான். இழுத்தான். உள்ளே காப்ஸ்யூல் கடகடவென்று சுற்றுகிற சத்தம் கேட்டது. பத்து எண்ணுகிற நேரம் மூச்சை அடக்கினான். ஒரு பிசகும் இல்லை. அடுத்தது வாய் கொப்பளிக்க வேண்டும். தண்ணீர்ச் சொம்பு கட்டில் காலடியில், என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. குனிந்தேன்.

"இருங்க" என்றான். "பாப்பாத்தி குடுப்பா."