ரோட்டோடு திரும்பும் பஸ்

...பொய் என்று அதை எப்படிச் சொல்ல முடியும், மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள், பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதானே சொன்னேன், எப்போது வருவேன் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான், அது பொய்யில் சேர்த்தியா என்ன... பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இளையவள் தனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தாள். கீழே மூத்த ஓரகத்தி நின்றாள், வலிக்கிற முட்டியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு. “பைய மடியில வச்சுக்க, மேல வச்சா குலுக்கல்ல விழுந்துரும்” என்றாள். பிள்ளை பார்க்கப் போகிறவளுக்கு இவ்வளவு பெரிய பை எதற்கு என்று கேட்டுவிடுவாளோ என்று இளையவள் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போமோ, மகள் இனி அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டாள் அக்கா, நானும் சரி என்றுவிட்டேன் என்று... சொல்லியிருக்க மாட்டோம். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

இருபுறமும் பூட்டிய கதவுகள். தையல்காரர் வீடு, மாவு மில், அதற்கடுத்து பள்ளிக்கூடம், அதற்கும் பூட்டு. அவள் கல்யாணமாகி வந்த புதிதில் இந்தத் தெருவின் இரைச்சலில் கைக்குழந்தையைத் தூங்கவைக்க முடியாது, இப்போது நாய்கள்கூட மெயின் ரோட்டுக்குக் குடிபோய்விட்டன, அங்கேதான் டீக்கடை இருக்கிறது, எறும்புக்கும் நாய்க்கும் தெரிகிறது எங்கே போனால் பிழைக்கலாம் என்று, எனக்கு மட்டும் தெரியக்கூடாதா... பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. இங்கேதான், இந்த வளைவில்தான். மூத்தவளின் புருஷனுக்கு நெஞ்சுவலி வந்த அன்று, கட்டிலோடு மெயின் ரோடு வரை தூக்கிப் போக ஊரில் ஆண்கள் இரண்டு பேர்தான் கிடைத்தார்கள், கால்மாட்டை ஓரகத்திகள் இருவரும் பிடித்தார்கள். பாதி வழியில் அவர், “கொஞ்சம் இறக்கி வைங்க, உங்களுக்குக் கை வலிக்கும்” என்றார். இறக்கி வைத்தார்கள். அதற்குப் பிறகு அவசரப்பட ஒன்றுமில்லாமல் போயிற்று.

மூத்தவள் அழுது தீர்த்த கையோடு, ஊருக்குள் பஸ் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். உங்க ஊர்ல ஆளே இல்லையேம்மா என்று ஒரு அதிகாரி சொன்னபோது, “பஸ்ஸ விடுங்க சார், ஆள் தானா இருப்பாங்க” என்றாள். இளையவளும் பக்கத்தில்தான் நின்றாள், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். அப்படிச் சண்டை போட்டு வந்த பஸ்ஸில்தான் இப்போது...

“அடுத்த வாரத்துலேர்ந்து ஊருக்குள்ள போக வேணாம்னுட்டாங்கண்ணே, ரோட்டோட திரும்பிரலாம்” என்று கண்டக்டர் முன்னால் டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பொம்பளைங்க ஏறுறதுக்கு டீசல் கட்டுமா” என்றார் டிரைவர்.

கண்டக்டர் திரும்பி இவளைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். “உங்களச் சொல்லலம்மா.”

“அக்காவுக்குத் தெரியுமா?”

“அவங்ககிட்ட யாரு வாயக் குடுக்கிறது? நீங்களே பக்குவமாச் சொல்லிருங்கம்மா.”

அவள் தலையாட்டினாள், தலையாட்டத்தான் அவளுக்கு நன்றாக வருமே. போன் பண்ணலாம், ஆனால் என்னவென்று சொல்வது, அந்த முட்டியோடு அவள் மெயின் ரோடு வரை எப்படி நடப்பாள், ராத்திரியில் ஏதாவது ஒன்று என்றால் யாரைக் கூப்பிடுவாள், கட்டிலைத் தூக்க இப்போது அந்த இரண்டு ஆண்களும் இல்லையே... பஸ் தார் ரோட்டில் ஏறியது, குலுக்கல் நின்றது. இனி ஏன் வரவில்லை என்று யாரும் கேட்க முடியாது, பஸ்தான் இல்லையே, நான் என்ன செய்ய...

“என்னம்மா சொன்னீங்க?” என்றார் கண்டக்டர்.

“ஒண்ணுமில்லப்பா.”

அப்பாடா என்று சொல்லியிருந்தாள். வாய்விட்டு, அவருக்குக் கேட்கும்படியாகவே சொல்லியிருந்தாள்.