கீழ்க்குரல்

கனடாவின் தாங்ஸ்கிவிங் விடுமுறைத் திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அக்கா யூஜினியின் வீட்டுக்கு ஜெனாட் வந்தாள். மார்க்கம் நகரிலிருந்து மகன் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். கழுத்தில் சால்வை சுற்றியிருந்தாள். வீட்டுக்குள் வந்த பிறகும் அதைக் கழற்றவில்லை.

"குளிரே?" என்று யூஜினி கேட்டாள்.

ஜெனாட் சால்வையை விலக்கிக் காட்டினாள். தொண்டைக்குக் கீழே ஒரு தழும்பு குறுக்காகக் கிடந்தது.

"தைரொயிட். யூலையில வெட்டினது."

யூஜினி கதிரையில் உட்கார்ந்தாள். அவளை உலுக்கியது தழும்பு அல்ல, குரல். தங்கையின் வாயிலிருந்து வேறு யாரோ பேசினார்கள். கோடை முழுவதும் ஜெனாட் போன் எடுக்கவில்லை. சளி என்று வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்ல."

"சொன்னா நீ அழுவாய். நான் ஆறுதல் சொல்லவேணும். குரல் இல்லாமல் என்னெண்டு சொல்லுறது?"

யூஜினி அழவில்லை. தேத்தண்ணி போட எழுந்தாள். கேத்திலை வைத்துவிட்டு, திரும்பாமலே கேட்டாள்.

"றூபனுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. சொல்லவும் மாட்டன். ரிக்கற் எல்லாம் வித்து முடிஞ்சுது."

நவம்பரில் மார்க்கத்து மண்டபம் ஒன்றில் பழைய பொப் பாட்டு நிகழ்ச்சி. றூபன்தான் நடத்துகிறான். தமிழ்க் கடைகளின் கண்ணாடிகளில் விளம்பரம் ஒட்டியாகிவிட்டது. 'மீண்டும் ஒரே மேடையில் சூசைதாசன் சகோதரிகள்.' அதற்குக் கீழே ஒரு பழைய படம். பெல்பொட்டம் போட்ட இரண்டு பெண்பிள்ளைகள், ஒரே மைக். ஒருத்தி இடக் காதைப் பொத்தியிருக்கிறாள், மற்றவள் வலக் காதை.

அந்தக் காது பொத்தலை அந்தக் காலத்தில் எல்லோரும் பாஷன் என்றுதான் நினைத்தார்கள். கானிவல்களில் முன்வரிசைப் பொடியன்கள் ஒற்றைக் காதைப் பொத்திக்கொண்டு ஆடினார்கள். உண்மையில் அது அப்பாவின் கட்டளை. சூசைதாசன் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கத்தோலிக்கக் கோயிலில் பாடகர் குழுவை நடத்தியவர். றேடியோவில் வந்த ஆங்கிலப் பாட்டுகளில் இரண்டு குரல் பின்னி ஓடுவதைக் கேட்டுவிட்டு, அதைத் தன் பிள்ளைகளிடம் கொண்டுவரப் பார்த்தார். ரியூனை, பாட்டின் மெட்டை, சின்னவளுக்குக் கொடுத்தார். அவளுடைய குரல் மதில் தாண்டிப் போகும். மெட்டுக்கு அடியில் தனி வழியில் துணையாக ஓடும் கீழ்க்குரலை மூத்தவளுக்குக் கொடுத்தார். தாங்கிறது மூத்தபிள்ளையின்ர வேலை என்றார். ஒருத்தியை அறைக்குள்ளும் ஒருத்தியைக் கிணற்றடியிலும் விட்டுத் தனித்தனியாகப் பழக்கினார். இரண்டும் ஊறிய பிறகுதான் பக்கத்தில் நிற்கவிட்டார். நின்றாலும், மற்றவளின் பக்கத்துக் காதைப் பொத்தவேண்டும்.

"அவளின்ர சத்தம் காதில விழுந்தா அவளுக்குப் பின்னால போயிடுவாய். உன்ரயைப் பிடி."

அப்படித்தான் அவர்கள் பாடினார்கள். பள்ளிக்கூட மைதானங்கள், கலியாண வீடுகள், கானிவல்கள். ஒருமுறை கொழும்புக்குப் போய் ஓர் இசைத்தட்டும் வந்தது. 'பெல் அடிச்சுப் போறவரே, பிறேக்கைக் கொஞ்சம் பிடியுமன்' என்று தொடங்கும் பாட்டு. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் வைத்திருந்த எல்லா இளந்தாரிகளும் அது தங்களைப் பற்றியது என்று நம்பினார்கள்.

பிறகு யூஜினிக்குக் கலியாணம் பேசினார்கள். மேடையில் ஆடியது போதும் என்று மாமியார் சொன்னார். கணவர் சீமோன் நல்ல மனிதர். ஆனால் தாயின் சொல்லை மறுத்துப் பேசவில்லை. யூஜினி குசினியில் பாடினாள். சீமோன் காலமாகி நாலு வருசம். இந்த வசந்தத்தில் றூபன் போன் எடுத்துப் பாட வரச்சொல்லிக் கேட்டபோது, அவன் கேட்டு முடிக்கமுன் ஓம் என்று சொன்னவள் யூஜினிதான்.

ஜெனாட் தேத்தண்ணியை ஊதிக் குடித்தாள். பிறகு, வந்த காரியத்தைச் சொன்னாள்.

"நீ மேலை பாடு. நான் கீழை பாடுறன். கீழை எனக்கு இப்ப வருது."

"நானோ? ரியூனோ?"

"ஏன், உனக்குத் தெரியாத பாட்டோ?"

யூஜினி தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள். 'பெல் அடிச்சு' வரையும் சரியாகப் போனது. 'பிறேக்கை' வந்ததும் குரல் தானாகக் கீழே இறங்கியது.

"அக்கா, கீழை போயிட்டாய்."

மறுபடி தொடங்கினாள். மறுபடியும் இறங்கியது. பழகிய மாடு தன் கொட்டிலுக்குத் திரும்புவதுபோல அது போனது. ரியூன் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். கேட்டால் கண்டுபிடிப்பாள். ஆனால் வாய் ஒருநாளும் அந்த வழியில் போனதில்லை.

"சரி, நீ பாடு பாப்பம், கீழை," என்றாள்.

ஜெனாட் பாடினாள். யூஜினி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தாள்.

"உது கீழ்க்குரல் இல்லையடி. கிணத்துக்குள்ள விழுந்த மேற்குரல்."

ஜெனாட்டும் சிரித்தாள். காற்று மட்டும் வந்தது.

அப்போது மேலிருந்து மெலிசா இறங்கி வந்தாள். யூஜினியின் மகள், நேர்ஸ், இரவு வேலை முடித்து வந்து படுத்தவள். கையில் உடுப்புக் கூடை. பேஸ்மென்ற் படி வரையும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

"பிள்ளை," என்று ஜெனாட் கூப்பிட்டாள். "உதென்ன பாட்டு? வடிவாக் கிடக்கு."

மெலிசா நின்றாள். "கம் ஓன், சின்னம்மா. உங்கட பாட்டுத்தானே."

"எங்கட எந்தப் பாட்டு?"

"பெல் அடிச்சு. அம்மா சமைக்கேக்க எந்த நாளும் படிக்கிறவ. நாங்கள் எல்லாரும் இப்பிடித்தான் படிக்கிறது."

ஜெனாட் தன் போனை எடுத்து யூரியூப்பில் இருந்த அந்த இசைத்தட்டைப் போட்டாள். யாரோ பழைய தட்டிலிருந்து ஏற்றியது. சட்டியில் மீன் பொரிகிற மாதிரி ஒரு இரைச்சல். அதற்கு மேலே பதினாறு வயது ஜெனாட்டின் குரல். கீழ்க்குரல் அந்த இரைச்சலுக்குள் போய்விட்டது.

"இது வேற வேர்ஷன் எண்டெல்லோ நான் நினைச்சனான்," என்றாள் மெலிசா. கூடையோடு கீழே போனாள்.

ஜெனாட் போனை நிறுத்தினாள். சிரிப்பு போய்விட்டது.

"பெத்த பிள்ளையே கீழ்க்குரலைத்தான் பாட்டெண்டு நினைச்சிருக்கு. சனம் என்னெண்டு கண்டுபிடிக்கும்? விடுவம் அக்கா. நான் றூபனுக்குப் போன் அடிக்கிறன்."

"போனை வை."

"அக்கா—"

"வையடி போனை. நான் பாடுவன். எனக்குத் தெரிஞ்சதைப் பாடுவன். நீ பக்கத்தில நில்."

"ரியூன் இல்லாமலோ?"

"ஓம்."

"சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எனக்கு எழுபது வயசு. இனி ஆர் என்னைக் கலியாணம் கட்டப்போறான்?"

ஜெனாட் போனை மேசையில் வைத்தாள். சால்வை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"உன்ர கலியாணம் முடிஞ்ச கையோட மன்னாரில ஒருக்கா நான் தனியப் பாடினனான்," என்றாள். "உனக்குத் தெரியாது."

"தெரியாது."

"ரியூன் எல்லாம் சரி. ஒரு பிழையும் விடேல்ல. ரண்டாம் வரியில ஒரு கிழவன் எழும்பி, மற்றப் பிள்ளைக்கு என்ன நடந்தது, செத்துப்போச்சோ எண்டு கேட்டுது. எல்லாரும் என்னைப் பரிதாபமாப் பாத்தினம். இறங்கி வந்திட்டன். அதுக்குப் பிறகு ஏறேல்ல."

ஜெனாட்டும் தன்னைப்போலக் கலியாணத்தால்தான் பாட்டை விட்டாள் என்று யூஜினி இவ்வளவு காலமும் எண்ணியிருந்தாள். தங்கையின் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

"இஞ்ச ஆரும் உப்பிடிக் கேட்டா," என்றாள் குழாயடியில் நின்றுகொண்டு, "நீ கையைத் தூக்கிக் காட்டு."

நவம்பரில், நிகழ்ச்சியன்று, மண்டபம் நிறைந்திருந்தது. தூரத்துப் பிறம்ரன் நகரிலிருந்துகூடக் கார் கட்டி வந்திருந்தார்கள். நரைத்த தலைகள், சாயம் பூசிய தலைகள். வாத்தியக்காரர் நாலு பேரும் இங்கே பிறந்த பொடியன்கள். யூரியூப்பைக் கேட்டுப் பழகியிருந்தார்கள்.

றூபன் இரண்டு மைக் வைத்திருந்தான். ஜெனாட் தன்னுடையதைத் தூக்கி மேடை ஓரத்தில் விட்டாள்.

"அன்ரி, அது உங்கட மைக்," என்றான் றூபன்.

"எனக்கு வேண்டாம், அப்பன். நீ போய் இரு."

அவளுடைய குரலைக் கேட்டு அவன் முகம் மாறியது. அதற்குள் கிற்றார் தொடங்கிவிட்டது.

யூஜினி பாடினாள். முதல் வரியிலேயே கிற்றார்ப் பொடியன் திரும்பிக் கீபோட்காரனைப் பார்த்தான். இரண்டாம் வரியில் சனம் அசையாமல் இருந்தது. பாட்டைக் கேட்க வந்தவர்கள் பாட்டைத் தேடினார்கள். சொல் எல்லாம் சரி. பாட்டு இல்லை. முன்வரிசையில் ஒருவர் மனைவியின் காதோடு குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்று யூஜினிக்குத் தெரியும். பாவம், வயசு போயிட்டுது, ரியூன் மறந்துபோச்சு. அவள் விடவில்லை. தன்னுடையதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த மனைவி இரக்கமுள்ளவள். முன்னால் சாய்ந்து, ரியூன் இப்படித்தான் என்று எடுத்துக்கொடுக்கிற மாதிரிப் பாடினாள். பள்ளிக்கூட மேடையில் வரி மறந்த பிள்ளைக்குத் தாய் செய்வதுபோல. யூஜினி அவளைப் பின்பற்றவில்லை. அதனால் அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் பலமாகப் பாடினாள். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்தார்கள். பின்னால் ஒரு கூட்டம் சேர்ந்தது. சிலர் வேகமாகப் போனார்கள், சிலர் இழுத்தார்கள், கைதட்டு ஒன்றுக்கும் பொருந்தவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு கிழவியைக் காப்பாற்றினார்கள்.

அனுபல்லவி வந்தபோது ரியூன் முழுவதும் மண்டபத்திடம் இருந்தது. யூஜினியின் குரல் அதற்குக் கீழே போய் நின்றது. அவள் பாடியது கீழ்க்குரல் என்று அப்போதுதான் சனத்துக்கு விளங்கியது. யாரோ ஐயோ என்றார்கள். ஆனால் பாடுவதை நிறுத்தவில்லை. கிற்றார்ப் பொடியன் சிரித்துக்கொண்டு குனிந்து வாசித்தான்.

ஜெனாட் பாடவில்லை. வாயசைக்கவும் இல்லை. காதைப் பொத்தாமல், பாட்டுக்குள் நின்றுகொண்டு அக்காவின் குரலைக் கேட்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. தலையைச் சரித்து, கண்ணை மூடி நின்றாள். இரண்டாம் சரணம் தொடங்கும்போது அக்காவின் பக்கத்தில் நெருங்கி வந்தாள். யூஜினியின் வாய் பாட்டில் இருந்தது. ஜெனாட் அவளுடைய காதுக்குள், காற்றாகப் போன அந்தக் குரலில் கேட்டாள்:

"அக்கா, நீ அப்பவும் இப்பிடியோ பாடினனீ?"