வாங்காதவன் புத்திசாலி

சுடலை செய்த ஒரே காரியம், எதுவும் செய்யாமல் இருந்ததுதான். அதற்குப் போய் அவனுக்குப் புத்திசாலிப் பட்டம்.

நானும் அவனும் வடக்குப்பட்டில் ஒரே அறை. ஊரும் ஒன்றுதான், சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் ஒரே கம்பெனி. நான் பிரஸ் ஷாப், அவன் வெல்டிங். போன வருஷம் வடக்குப்பட்டில் புதிதாக லேஅவுட் போட்டார்கள். பக்கத்துப் பக்கத்து மனையாக ஆளுக்கு ஒன்று வாங்கி, வரிசையாக அறை கட்டி, எங்களைப் போலத் தெற்கிலிருந்து வரும் பையன்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பது என் திட்டம். என் திட்டம். சுடலைக்குத் திட்டம் என்ற ஒன்றே கிடையாது. ராத்திரி பரோட்டாவா தோசையா என்பதைக்கூட நான்தான் முடிவு செய்வேன்.

நான் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை. மூன்று மாதம் ஆராய்ச்சி செய்தேன். ஷிப்ட் மாறும் நேரத்தில் டீக்கடையில் உட்கார்ந்து, எங்களுக்கு எதிரே இருக்கும் பெரிய கம்பெனி வாசலில் வந்து நிற்கும் பஸ்களை எண்ணினேன். முதல் மாதம் பதினாலு. மூன்றாவது மாதம் இருபத்திரண்டு! பஸ் கூடினால் ஆள் கூடுகிறது, ஆள் கூடினால் அறை வேண்டும். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் சுடலை வரவில்லை. அவனுக்கு மாற்றாக நிற்க வேண்டியவன் லீவு போட்டுவிட்டான். லைனை விட்டு நகர முடியாமல் ஓவர்டைமில் மாட்டிக்கொண்டான். நான் மட்டும் வாங்கினேன். அவனுக்குப் பார்த்த மனையை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

ஆறே மாதம். எதிர் கம்பெனி தன் ஆட்கள் எல்லாரையும் மறைமலை நகர் பக்கம் ஒரு பெரிய ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய்விட்டது. வடக்குப்பட்டில் வீட்டுக்கு வீடு 'டு லெட்' அட்டை. என் மனையைப் பாதி விலைக்குக் கேட்கக்கூட நாதி இல்லை.

"சுடல விவரமானவம்லே. வாயத் தொறக்காமலே தப்பிச்சிட்டாம் பாரு," என்றான் ஜெபகுமார். அவன் என் லைன்காரன். கேண்டீனில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னான். "நம்ம துரை மேப்பு எல்லாம் போட்டான். என்ன பிரயோசனம்?"

சுடலை சிரித்தான். மறுக்கவில்லை. முன்பெல்லாம் போன் வாங்க, பைக் வாங்க, எந்தக் கம்பெனியில் பெர்மனென்ட் பண்ணுவான் என்று கேட்க, எல்லாரும் என்னை, இந்த இசக்கிதுரையைத்தான் தேடுவார்கள். இப்போது சுடலை. போன வாரம் ஒருவன் தனக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் போட்டோவை அவனிடம் நீட்டி, "எப்படிண்ணே, சரிவருமா?" என்கிறான்!

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பாண்டிச்செல்வி வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. நாலு மாதம் முன்பு எங்கள் கம்பெனியில் சேர்ந்து, என் லைனில் குவாலிட்டி பார்க்கிறவள். அப்பா இறந்தபின் வந்த பணத்தில் பென்னலூரில் ஒரு மனை வாங்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். என்னிடம் யோசனை கேட்பாள் என்று காத்திருந்தேன். ஒரு நாள் நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

"சுடலண்ணன் ஞாயித்துக்கெழம சும்மா இருப்பாங்களா?"

நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன்.

பென்னலூரில் புரோக்கர் கன்னியப்பன் காத்திருந்தார். "இன்னா சார், எடம் எப்டி கீது? இன்னிக்கு வுட்டா நாளைக்கு இருக்காது, சொல்ட்டேன்."

சுடலை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மனையைச் சுற்றி நடந்தான். குனிந்து ஒரு கல்லை எடுத்தான், உற்றுப் பார்த்தான், போட்டான். பாண்டிச்செல்வி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் அதற்குமேல் முடியவில்லை.

"ஏல, அன்னைக்கு அட்வான்ஸ் குடுக்க நீ ஏன் வரலன்னு இவங்ககிட்ட சொல்லுல."

"மாத்துக்கு ஆளு வரலல்லா," என்றான் சாவகாசமாக. "வந்திருந்தாம்னா நானும் ஒம்பக்கத்துல வாங்கிப் போட்டுட்டு ஒப்பாரி வச்சிருப்பேன்."

"பொறவு என்னத்துக்குல பெரிய இவன் மாதிரி சிரிச்சிக்கிட்டே இருந்த?"

"நானா சொன்னேன்? அவனுவளா சொன்னானுவ. கேக்க நல்லா இருந்துச்சு, இருந்துட்டேன்."

பாண்டிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கோபப்படுவாள் என்றல்லவா நினைத்தேன்! விடவில்லை. "பாத்தீங்கல்லா? அவனுக்கு அதிர்ஷ்டம். எனக்குக் கெட்ட நேரம். மத்தபடி நான் மூணு மாசம் பஸ் எண்ணித்தான் வாங்குனேன்," என்று அந்தக் கதையை முழுசாகச் சொன்னேன்.

அவள் சிரிப்பு நின்றது. "அந்த பஸ்ல நானும்தான் வந்தேன். அப்ப நான் அந்தக் கம்பெனி."

"சரி?"

"அதுக்கு முன்னால வடக்குப்பட்டுல ரூம் எடுத்து நடந்துதான் போவோம். ரூமக் காலி பண்ண வச்சு ஹாஸ்டல்ல கொண்டு போட்டாங்க. அங்கருந்து கூட்டிட்டு வரத்தான் பஸ்ஸு. ஒரு பஸ் கூடுச்சுன்னா வடக்குப்பட்டுல அம்பது பேரு கொறஞ்சாங்கன்னு அர்த்தம். அத்தன நாளு உக்காந்து எண்ணுனீங்களே, எறங்கி வந்த ஒருத்திட்டயாவது எங்கருந்து வாரன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

ஆறு மாதமாக நேரம் சரியில்லை, நேரம் சரியில்லை என்று அம்மாவிடமும் என்னிடமுமே சொல்லிக்கொண்டு வந்தேன். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று தெருப்பக்கம் நடந்தேன்.

முதல் வீட்டு வாசலில் ஓர் அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சுந்தராம்பாள் என்று பெயர் சொன்னார். பின்னால் ஆறு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஏதாவது காலி உண்டா என்று கேட்டேன்.

"வூடா? காலி இல்லப்பா."

"கம்பெனிக்காரன் ஹாஸ்டல் கட்டி எல்லாரையும் கூட்டிட்டுப் போயிட்டா என்ன செய்வீங்க?"

"இங்க தனி ஆளு ஏதுப்பா? எல்லாம் குடும்பம். பொண்டாட்டி புள்ளய இட்டுக்கினு எவன் ஹாஸ்டலுக்குப் போவான்? பசங்கள ஸ்கூல்ல வேற சேத்துட்டாங்க. ரெண்டு பேரு இப்பவே காசு குடுத்துட்டு எப்ப காலியாவும்னு கேட்டுக்கினு கீறாங்க."

திரும்பி வந்தபோது சுடலை மறுபடி அந்தப் புத்திசாலி முகத்தை மாட்டியிருந்தான். "எனக்கென்னமோ வேண்டாம்னு தோணுது," என்றான். பாண்டிச்செல்வி தலையாட்டினாள். கன்னியப்பன் வண்டிச் சாவியை எடுத்துவிட்டார்.

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். அவளிடம் மனை இருக்காது, சுடலையிடம் இருக்காது. என்னிடம் மட்டும் இருப்பது செத்த மனையாக இருந்தாலும் பரவாயில்லை. என் மனைக்கு நாதியில்லாதபோது இவளுடையது மட்டும் ஏன் ஏற வேண்டும்? வண்டி ஸ்டார்ட் ஆகும்வரை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது எனக்கே அசிங்கமாக இருந்தது.

"வாங்கலாம்," என்றேன். அந்த அம்மாள் சொன்னதைச் சொன்னேன்.

"எத்தன வீட்ல கேட்டீங்க?"

"ஒரு வீடு."

"அப்ப இன்னும் நாலு வீடு கேப்போம், வாங்க."

மூன்று பேரும் போனோம். நாலு வீட்டிலும் குடும்பம், எங்கும் காலி இல்லை. அவள் அங்கேயே கன்னியப்பனிடம் அட்வான்ஸ் கொடுத்தாள். அவள் மனை விலை ஏற வேண்டும் என்று அப்போது நிஜமாகவே நினைத்தேன். அது அவள் அம்மாவுக்குப் போன் போடும் வரைதான்.

"எம்மா, முடிச்சாச்சும்மா. ஆமா, சுடலண்ணன் வந்து நின்னு பாத்தாங்க. கூட இன்னொருத்தரும் வந்தாங்க."

அந்த நிமிஷம், பென்னலூரில் ஒரு மனையும் ஒரு ரூபாய்கூட ஏறக் கூடாது என்று நினைத்தேன்.

"வாலே, பசிக்கி," என்று சுடலை தோளில் கை போட்டான். தட்டிவிட்டேன்.