சம்பந்தி வந்து நின்ற வரிசை

கணினி அறைக்குள் செருப்போடு வரக்கூடாது என்று கதவில் படம் போட்டிருந்ததைப் பார்த்ததும், பாக்கியலட்சுமி அத்தைக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் பக்தியே வந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக உள்ளே நுழைந்தாள். பின்னால் புக்கிட் ரம்பாய் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் ஒன்பது பேர். தொழிற்சாலை ஆட்களை ஏற்றும் கிலாங் பஸ்ஸை ஒரு காலைப்பொழுதுக்குப் பேசிப் பிடித்து, பட்டும் சரிகையுமாக, ஒரு படைக்குப் போதுமான சாப்பாட்டோடு வந்திருந்தார்கள். மல்லிகை வாசத்தில் கணினிகளே கொஞ்சம் கிறங்கிப் போயிருக்கும். குளிரூட்டியோ, பென்குயின் வந்து உட்கார்ந்தாலும் போர்வை கேட்கும் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே விரிவுரையாளராக இருக்கும் அண்ணன் மகள் ஷாந்தினிக்கு மட்டும் வியர்த்தது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்கும்படி கணினியியல் பாடங்களை அமைக்கத் துறை முடிவெடுத்தபோது, முதல் பாடத்தொகுப்பை நான் செய்கிறேன் என்று கையைத் தூக்கியவள் அவள். அதற்குப் பிறகு அவள் தூங்கியதாக வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. வகுப்பில் முழிக்கிற மாணவனின் முகத்தைப் பார்த்து வேறு மாதிரி சொல்லிவிடலாம். திரைக்கு அந்தப் பக்கம் முழிப்பவனை யார் பார்ப்பது? அதனால் எழுத்தைவிடப் படத்தை நம்பினாள். துறைத் தலைவர் டாக்டர் தனபாலனுக்குத்தான் நம்பிக்கையில்லை. பக்கத்து ஊர் தெங்கேராவில் பிறந்து லண்டனில் படித்தவர். "கம்ப்யூட்டர தொட்டே பாக்காத பத்து பேர கூட்டிட்டு வா ஷாந்தினி. அவுங்களுக்கு வெளங்குனா உன் பாடம். இல்லன்னா வெளிநாட்டுல ரெடியா விக்கிறாங்க, அதையே வாங்கிக்கலாம் லா" என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் பாடம், வரிசை. கணினி தன்னிடம் வரும் வேலைகளை எந்த ஒழுங்கில் எடுத்துக்கொள்கிறது என்பதை விளக்க, ஷாந்தினி ஒரு கல்யாணப் பந்தியை வரைந்திருந்தாள். வாசலில் ஆட்கள் நிற்பார்கள். உள்ளே ஓர் இலை காலியானதும் முதலில் வந்தவரை மவுசால் தொட்டு உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான். அழகுக்காக, வரிசையின் கடைசியில் சில்க் ஜிப்பாவும் சரிகைத் துண்டும் பெரிய மீசையுமாக ஓர் ஆளை நிறுத்தியிருந்தாள். அங்கேதான் விதி வந்து உட்கார்ந்தது.

இலை காலியானது. அத்தை மவுசைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடித்து, நேராகப் போய் மீசைக்காரரைத் தொட்டாள். கணினி 'பேங்' என்று லாரி ஹாரன்போல் அலறியது.

"ஏண்டி, இந்தப் பொட்டி என்னைப் பாத்து கத்துது?"

"தப்பு அத்தை. மொதல்ல வந்தவருக்குத்தான் மொதல் எல."

"என்னா தப்பு? இவரு மாப்பிள்ளயோட அப்பா. சம்பந்திய வாசல்ல நிக்க வச்சிட்டு மத்தவன் சோறு திம்பானா? நாளைக்கு கோச்சிக்கிட்டு போயிட்டாருன்னா உன் கம்ப்யூட்டரா போயி கால்ல விழும்?"

"அவர் சம்பந்தின்னு யாரு சொன்னா?"

"மீசய பாத்தா தெரில?"

அடுத்த கணினியில் வீராசாமி மாமா. பேங். அதற்கடுத்ததில் கருப்பாயி பெரியம்மா. பேங். பத்துக் கணினியும் சேர்ந்து அலறியதில் புக்கிட் பெருவாங் வரைக்கும் கார் ஓட்டிகள் பிரேக் பிடித்திருப்பார்கள். பின்சுவரில் சாய்ந்து நின்ற டாக்டர் தனபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்துக்குப் பத்து ராங். சாரி, ஷாந்தினி."

ஷாந்தினி உறவுக்காரர்களின் முகங்களைப் பார்த்தாள். ஒருவர்கூட முழிக்கவில்லை. எல்லாரும் கணினியைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பேர் பத்து விதமாகத் தப்பு செய்திருந்தால் பாடம் புரியவில்லை என்று அர்த்தம். இவர்கள் செய்தது ஒரே தப்பு, ஒரே இடத்தில், ஒரே ஆள்மேல். யாருக்கு அவசரமோ அவரை முன்னால் விடும் முன்னுரிமை வரிசையை, கஷ்டமான பாடம் என்று பயந்து, ஒன்பதாம் பாடத்தில் தள்ளி வைத்திருந்தாள். கற்றுக்கொடுக்காத பாடத்துக்கு இவர்கள் இப்போதே வந்து நிற்கிறார்கள்.

"டாக்டர், சாப்பிடற நேரம் மட்டும் கொடுங்க. பாடத்த மாத்தி அடுக்கணும்."

"எந்தப் பாடத்த?"

"ஒம்பதாவத, நாலாவதா."

சொந்தங்கள் நடைவழியில் பொட்டலங்களைப் பிரித்தார்கள். டாக்டர் வேண்டாம் வேண்டாம் என்க, "சாப்புடு தம்பி, எளச்சி போயி கெடக்கிற" என்று அத்தை அவர் தட்டில் கோழிப் பெரட்டலை ஒரு குன்றாகக் குவித்தாள். உள்ளே ஷாந்தினி, ஒன்பதாம் பாடத்தில் உதாரணத்துக்கு வரைந்திருந்த ஆஸ்பத்திரி நோயாளிகளை வெளியேற்றிவிட்டு அவர்கள் இடத்தில் பந்தி ஆட்களை நிறுத்தினாள். மீசைக்காரரின் தலைக்கு மேல் ஒன்று என்ற எண்ணைப் போட்டாள். மாப்பிள்ளையின் சித்தப்பன்மார்களுக்கும் மாப்பிள்ளை வீட்டு ஆட்களுக்கும் இரண்டு. மற்றவர்களுக்கு மூன்று. ரொம்ப நேரம் வாசலில் நின்றால் சம்பந்தி கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றும் சேர்த்தாள்.

திரும்பி வந்தார்கள். வீராசாமி மாமா சம்பந்தியைத் தொட்டார். மணி கிணுகிணுத்தது. அறையே கைதட்டியது. "எங்க அண்ணன் மவ போட்டது!" என்று அத்தை குளிரூட்டிக்கும் கேட்கும்படி சொன்னாள். சித்தப்பன்மார்கள் வந்தார்கள். மணி. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மணி, மணி. திடீரென்று கருப்பாயி பெரியம்மா திரையைக் காட்டிக் கத்தினாள்.

"மாமா, நிறுத்துங்க! அந்தக் கெழவன் ஆரம்பத்துலேருந்து நிக்கிறாரு. மூணாம் நம்பரு. அவுருக்கு எப்ப சோறு?"

"ரூல்ஸ் அப்படி லா" என்றார் மாமா.

"என்னா பொல்லாத ரூல்ஸ்! சட்டி காலியாயிரும்!"

அந்தக் கேள்வி இன்னும் ஒரு பாடம். அதை ஷாந்தினி எழுதியிருக்கவே இல்லை.

"கொஞ்சம் நவுருங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். டாக்டர் தனபாலன். மாமா எழுந்துகொள்ள, அவர் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஒரு தடவை ஆடினார். கிழவர் நின்றார். எண்களை மாற்றி மறுபடி ஆடினார். சம்பந்தி கோபித்துக்கொண்டு போனார். "ஏ ஏ, போறாரு, புடி தம்பி!" என்று பத்துப் பேரும் டாக்டர் முதுகுக்குப் பின்னால் நெருங்கி வந்தார்கள். அவருக்கு ஒரு மணிக்குக் கூட்டம் இருந்தது. காரியதரிசி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மூடிக்கொண்டு போனார்.

பாக்கியலட்சுமி அத்தை ஒரு கையை அவர் நாற்காலி முதுகில் ஊன்றி நின்றாள், பந்தியில் மோர்ச் சோற்றுக்கு வந்துவிட்டவர் எப்போது எழுவார் என்று பின்னால் காத்து நிற்பவளைப்போல. அவர் எழுகிற மாதிரி தெரியவில்லை.