தார்ப்பாய்க்கு அடியில்

மாரிக்கு நாற்பது தாண்டித்தான் எழுத்து வந்தது. பகலெல்லாம் லாரிக்குக் கல் ஏத்திவிட்டு, சாயங்காலம் முதியோர் பள்ளியில் தூங்கித் தூங்கிப் படித்த எழுத்து. மாமல்லபுரத்தில் அவன் தெருவில் யாருக்கு மனு என்றாலும் அவன் கைதான்.

சொர்ணத்துக்கும் அவன்தான் எழுதினான். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு, நாலு பெண்களை வேலைக்கு வைத்துச் சிப்பியில் மாலையும் பொம்மையும் செய்து விற்கிறவள். சிப்பி துளைக்கிற மெஷினுக்கு சர்க்கார் கடன் கேட்டாள். முக்கியத் தொழில் என்ற இடத்தில் மாரி ‘சிப்பி சாமான் விற்பனை’ என்று போட்டான். செய்கிறோம் என்றால் வரி, லைசென்ஸ் என்று ஆள் வரும் என்பது அந்தப் பக்கத்துப் பயம். “ஆபீசர் வந்தா வேலைய மூடி வெச்சுடு” என்று புத்தியும் சொன்னான்.

மனு நின்றுபோனது. விசாரிக்கச் செங்கல்பட்டுக்கு மாரி மட்டும் போனான்.

“ஒவ்வொரு தொழிலுக்கும் டில்லியில ஒரு நம்பர் வெச்சிருக்காங்கப்பா,” என்றார் குமாஸ்தா. “செய்யறதுக்கு ரெண்டு, மூணுல ஆரம்பிக்கும். விக்கிறதுக்கு ஆறு. ரெண்டும் இருந்தா எது பெருசோ அதுக்குத்தான் நம்பர். நீங்க எழுதினதுக்கு ஆறு போட்டாச்சு. இந்தக் கடன், செய்யறவங்களுக்கு மட்டும்தான். ஆபீசர் நேர்ல பாத்து மாத்தினா உண்டு.”

திரும்பி வந்தவனை, “இன்னா சொன்னாங்க அண்ணாத்த?” என்றாள் சொர்ணம்.

நம்பரைச் சொன்னால், விற்பனை என்று எழுதினது யார் என்று வரும். “ஆபீசர் வந்து பாப்பாரு,” என்று மட்டும் சொன்னான். வேலையை மூடாதே என்றாலும் அதே கேள்விதான் வரும் என்று அதையும் விட்டுவிட்டான்.

ஒரு நாள் கல் ஏத்துகிற இடத்தைத் தாண்டி சர்க்கார் ஜீப் போனது. கூடையைப் போட்டுவிட்டுச் சொர்ணத்தின் கடைக்கு ஓடினான். கடை பளிச்சென்று இருந்தது. பெண்களைக் காணோம். “வியாபாரம்தான்,” என்று பேனாவை மூடிக்கொண்டிருந்தார் ஆபீசர்.

மாரி பின்பக்கம் போய்த் தார்ப்பாயை இழுத்தான். உடைத்த சிப்பி, அரம், ஊசி, பாதி கோத்த மாலைகள்.

“செய்யறவங்களா நீங்க? மூணுல வரவேண்டியது ஆறாயிருக்கே. ஏம்மா மறைச்சீங்க?”

சொர்ணம் மாரியைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை.

“குப்பையா கீதுன்னு மூடினேன் சார்,” என்றாள்.

ஆபீசர் பழைய நம்பரை அடித்துவிட்டு வேறு நம்பர் போட்டார். ஜீப் போனதும் மாரி நடந்ததைச் சொல்ல வாயெடுத்தான்.

“வுடு அண்ணாத்த, புரிஞ்சுபோச்சு,” என்றாள் சொர்ணம். “அடுத்த மனுவும் நீதான் எழுதணும். தெருவுல வேற யாரு கீறாங்க?”

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது மாரிக்கு.